தம்பி கொல்லையில் ஒரு தகர முறம்

ஆனி 3, திங்கள்

தம்பி டைரி எழுதுகிறான். அதனால் நானும் எழுதுகிறேன்.

எழுதுகிறேன் என்றால், நான் சொல்லச் சொல்ல என் சம்சாரம் பட்டம்மாள் எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டுதான். அவள் எட்டாவது வரை படித்தவள். தம்பி தெய்வசிகாமணிக்குச் சுரங்கத்து ஆட்கள் இந்த வருஷத்து டைரி கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டதற்கு ஜீப் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து போன வருஷத்து டைரியை உருவிக் கொடுத்தார். கிழமை எதுவும் ஒத்துவரவில்லை. பட்டம்மாள் அச்சடித்த தேதியை அடித்துவிட்டுத் தமிழ்த் தேதி போடுகிறாள்.

ஊருக்குக் கிழக்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். பள்ளத்தில் ஊற்று வந்துவிடக் கூடாதென்று பூமிக்கு அடியில் இருக்கிற தண்ணீரை ஓயாமல் இறைத்து வெளியே விடுகிறார்கள். தண்ணீர் போனால் மண் சும்மா இருக்குமா? இறங்குகிறது. எங்கள் தெருவில் வெடிப்பு விடாத சுவர் இல்லை. எந்த வீடு எவ்வளவு இறங்குகிறது என்று வானத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள் பார்க்கிறதாம். அதற்கு இருப்பது கண் இல்லை, ராடாராம். மேகமோ மழையோ அதை மறைக்காதாம். நகத்தின் கனம் இறங்கினாலும் சொல்லிவிடுமாம்.

அதற்காக இன்று தம்பியின் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு பெட்டி வைத்தார்கள். பெட்டி என்று அவர்கள்தான் சொல்கிறார்கள். மூன்று தகடுகளை மூலை சேர்த்து வானத்தைப் பார்த்து வாய் பிளந்த மாதிரி வைத்திருக்கிறது. ஊரில் அதற்குத் தகர முறம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிமெண்டுக் கட்டை போட்டு, மேலே நான்கு போல்ட்டில் நட்டு முடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

அவன் கொல்லையில் வைத்தார்கள். என் கொல்லையில் வைக்கவில்லை.

ஆனி 4, செவ்வாய்

முன்பு மேலத்தெருவில் சுரங்கத்து ஆட்கள் சில வாசல்களில் வெள்ளைக் கல் நட்டார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கல் நட்ட வீடுகளுக்கெல்லாம் பஸ் ரோட்டு ஓரம் மனை கிடைத்தது. தண்ணீர்க் குழாய், தார்ச்சாலை, எல்லாம். அதிலிருந்து எங்கள் ஊரில் சுரங்கத்தான் எதை நட்டாலும் அது மனைக்கு அடையாளம்.

அப்படியென்றால் தம்பிக்கு மனை. எனக்கு இல்லை.

என் வீட்டு வாசற்கதவு சாத்தினால் நிலையில் உட்காருவதில்லை. சமையற்கட்டுச் சுவரில் கை நுழைகிற வெடிப்பு. பட்டம்மாள் கால் முட்டியைப் பிடித்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறாள். கொல்லையில் இருக்கிற தம்பி வீட்டில் ஒரு கீறல் காட்டு பார்ப்போம். எடுத்துக் கட்டின வீடு, பல்லியும் ஒளிய இடம் இல்லை. அவனுக்கு மனை எதற்கு?

நான் எதையும் மறக்கிறவன் இல்லை. கார்த்திகைத் தீபத்துக்கு முந்தின நாள் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நீல நிஜார், புது ஸ்லேட்டு. அன்றைக்கு நான் ஏர் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். ‘மாட்டை யார் பார்ப்பது’ என்று அப்பா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. பாகம் பிரித்தபோது பாறைப் பக்கத்துக் கொல்லையை யாரும் விரும்பவில்லை. சீட்டுக் குலுக்கினார்கள். அவனுக்குப் பாறை, எனக்குக் கிணற்றுப் பக்கம். அந்த ஒரு தடவைதான் நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். கிணறு வறண்டு மோட்டாரைக் கழற்றி விற்றாயிற்று. அவன் பாறையில் முறம் முளைத்திருக்கிறது.

ஆனி 10, திங்கள்

சுரங்கத்து ஆபீசிலிருந்து ஒரு பொண்ணு வந்தாள். ஜெபராணி என்று பெயர், நாகர்கோவில் பக்கம். ராடார் படத்தைப் படிக்கிறது அவள் வேலை. தம்பி கட்டிலில் உட்கார வைத்து டீ கொடுத்தான். அவள் ‘சார்’ என்று அவனைக் கூப்பிட்டாள். பதினோராவது படித்துவிட்டு விவசாயம் பார்த்தவன் சாராகிவிட்டான்.

நான் வரப்பில் நின்று, என் வீட்டுக்கும் ஒரு முறம் வை என்று கேட்டேன். சிரித்தாள். உங்கள் வீட்டுக்குத் தனியாக வேண்டாம் ஐயா, வீட்டுச் சுவரும் கூரையுமே ராடாரைத் திருப்பி அனுப்பிவிடும், வெறும் கொல்லையில்தான் பெட்டி தேவை என்றாள். இந்தப் பெட்டி மற்றதை அளப்பதற்கு வைத்தது என்றும் ஏதோ சொன்னாள். எனக்கு வேண்டியது விளக்கம் இல்லை, முறம்.

“அண்ணா, நிழலுக்கு வந்து குந்து” என்று தம்பி கூப்பிட்டான். எனக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனி 15, சனி

உளுந்துக்குக் களை எடுத்தோம். பட்டம்மாள் முட்டிக்குத் தைலம்.

கோள் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் வருகிறதாம். இன்று அது வருகிற நாள். தம்பி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்த் துணியால் முறத்தைத் துடைத்தான். இலை, தண்ணீர், குருவி எச்சம் எதுவும் அதில் தங்கக் கூடாது. ஆடு கட்டக் கூடாது. எதிர்வீட்டு ராஜகுமாரி பார்த்துவிட்டு வந்து, உங்கள் தம்பி சாமிக்கு அபிஷேகம் பண்ணுகிற மாதிரி பண்ணுகிறார் என்றாள். அவளுக்கு எட்டாம் மாதம். புருஷன் திருப்பூரில். அவளும் மனைக்குத்தான் காத்திருக்கிறாள்.

ஆனி 27, வியாழன்

ஒன்றும் இல்லை. கதவை மட்டும் இழைத்துப் பார்த்தேன். மறுபடியும் உட்காரவில்லை.

ஆடி 5, ஞாயிறு

டீக்கடையில் பேச்சு. தம்பிதான் விளக்கிக்கொண்டிருந்தான். இறங்குகிற வீட்டைத்தான் மழைக்கு முன்னால் காலி செய்து மனை கொடுப்பார்களாம். மண் ஏறினால் என்று ஒருத்தர் கேட்டார். ஏறினால் என்ன மனை, சும்மா கிட என்பார்கள் என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அதை மனசில் வாங்கிக்கொண்டேன். சும்மா, ஒரு தகவலுக்கு.

ஆடி 9, வியாழன்

மோட்டார் போன பிறகு பெரிய ஸ்பேனருக்கு வேலை இல்லை. பரணில் கிடந்தது. துருவெடுத்து எண்ணெய் போட்டு வைத்தேன். இரும்புச் சாமானைச் சும்மா போட்டு வைக்கக் கூடாது.

ஆடி 10, வெள்ளி

இன்று மாரியம்மன் கோயிலில் கூழ். ஊரே அங்கேதான். தம்பிக்கு முதல் மரியாதை, மாலை. நான் போகவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை. வீட்டிலேயே படுத்திருந்தேன்.

கூழோடு திரும்பி வந்த பட்டம்மாள், வேட்டியில் ஏன் மல்லாட்டைக் கொடி ஒட்டியிருக்கிறது என்று கேட்டாள். கொல்லைப் பக்கம் போய் வந்தேன் என்றேன். நம் கொல்லையில் உளுந்துதானே என்றாள். இதை எழுதாதே என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஆடி 20, திங்கள்

விடியற்காலை மூன்று ஜீப். நேற்று கோள் வந்து போனதாம். எங்கள் தெரு முழுக்க ஒரேயடியாக இரண்டு விரல் கனம் இறங்கிவிட்டதாம். சுரங்கத்துப் பெரிய அதிகாரி மைக்கில் பேசினார். சாயந்தரத்துக்குள் தெருவே காலி செய்ய வேண்டும், பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டும், எப்போது என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது என்றார். ஜெபராணி அவரிடம் ஏதோ சொல்லப் பார்த்தாள். இன்னொரு படம் வரட்டும் என்று அவள் சொன்னதாகவும், சரிந்தால் நீ பதில் சொல்வாயா என்று அவர் கேட்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

தெரு அழுதது. அரிசி மூட்டை, டிவி, கோழிக்கூண்டு, எல்லாம் டிராக்டரில். ராஜகுமாரியைத் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் என்னவோ என்னால் அவள் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஒன்று. அதிகாரி படித்த பட்டியலில் என் பெயர் முதல் பெயர். கலியபெருமாள் என்று மைக்கில் சொன்னார்கள். தம்பி பெயர் இல்லை. அவன் வீடு தெருவில் இல்லை, கொல்லையில், அதனால் அவன் போக வேண்டாம் என்றார்கள்.

அவன்தான் டிராக்டர் ஓட்டினான். எங்கள் பீரோவை முதலில் ஏற்றினான்.

ஆடி 22, புதன்

பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு அறையில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டார்கள். ராஜகுமாரி தரையில் படுத்தால் எழ முடியவில்லை, பெஞ்சைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். கால் வீங்கிவிட்டது. நர்ஸ் வந்து, இடம் மாற்றினது உடம்புக்கு ஆகவில்லை என்று திட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஜெபராணி லேப்டாப்போடு வந்து வராந்தாவில் உட்கார்ந்தாள். அதிகாரியிடம் அவள் பேசியதைத் தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன்.

எல்லா வீடும் ஒரே அளவு இறங்கியிருக்கிறது என்றாள். கோயில், பள்ளிக்கூடம், வாட்டர் டேங்க், சுரங்கத்துக்கு எட்டாத முந்திரித் தோப்பு ஷெட்டு, அதுவும் அதே அளவு. ஊர் முழுக்க ஒரே அச்சில் இறங்காது என்றாள்.

“அப்ப என்னம்மா ஆச்சு?”

“ஊரு எறங்கல சார். பெட்டி ஏறியிருக்கு. அத வச்சுத்தானே மத்ததெல்லாம் அளக்கோம்.”

எல்லாரும் கொல்லைக்குப் போனார்கள். நானும் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. நட்டில் துருவெல்லாம் உரிந்து புதுசாகப் பளபளத்தது. பெட்டி கட்டையை விட்டு எழும்பி நின்றது. ஜெபராணி குனிந்து பார்த்தாள். தம்பியும் குனிந்து பார்த்தான். அந்த நட்டில் ஸ்பேனர் வழுக்கிப் பட்ட இடத்தில் ஒரு கோடு. எங்கள் ஸ்பேனரில் ஒரு பல் உடைந்திருக்கும். அந்த ஸ்பேனரால் அவனும் எத்தனையோ தடவை எங்கள் மோட்டாரைக் கழற்றியிருக்கிறான்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தான்.

“நாந்தாங்க. தண்ணி நிக்கிதுன்னு கொஞ்சம் தூக்கி வச்சன். இப்படி ஆவும்னு தெரியாது.”

அதிகாரி கத்தினார். படித்தவர்தானே நீங்கள், உங்களை நம்பித்தானே வைத்தோம் என்றார். தம்பி தலையைக் குனிந்து நின்றான். திரும்பி வரும்போது ஜனங்கள் பேசியதை இங்கே எழுத வேண்டாம். ராஜகுமாரி பெஞ்சில் இருந்தபடியே தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒரு தெருவயே தூக்கி ஊட்ட உட்டு வெளிய போட்டியே சித்தப்பா. எங்களுக்கு மனை கெடைச்சிடும்னு வயித்தெரிச்சலா ஒனக்கு?”

அவன் தலை குனிந்தபடியே வெளியே போனான்.

பழியையும் அவனே எடுத்துக்கொண்டான். எது கிடைத்தாலும் அவனுக்குத்தான்.

ஆடி 23, வியாழன்

இவர் இன்று ஒன்றும் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றார். தேதி போட்டுவிட்டேன், அதனால் நான் எழுதுகிறேன். பாத்திரம் எடுக்க வீட்டுக்குப் போனேன், ஸ்பேனர் பரணில் இல்லை. ரசத்தில் உப்பு இல்லை என்று இவர் கத்தவில்லை. இல்லாததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். பட்டம்மாள்.

ஆடி 26, ஞாயிறு

எல்லாரும் வீட்டுக்குத் திரும்பியாயிற்று. மூன்று வீடு தவிர. பெட்டி ஏறின அளவைக் கழித்துவிட்டு ஜெபராணி கணக்குப் போட்டாளாம். மற்ற வீடுகள் கொஞ்சமாக இறங்குகின்றன, பயமில்லை. மூன்று வீடு நிஜமாகவே போய்க்கொண்டிருக்கிறது. அதில் நடுவீடு என்னுடையது. கதவு அதற்காகத்தான் உட்காரவில்லை.

மனை வந்துவிட்டது. பஸ் ரோடு. தண்ணீர்க் குழாய் வாசலிலேயே. பட்டம்மாள் குழாயைத் திறந்து கையை நனைத்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஜெபராணிதான் பத்திரத்துக்குக் கைநாட்டு வாங்க வந்தாள். தம்பி கொல்லையில் முறம் வைத்தது எதற்கு என்று அவளிடம் இப்போதுதான் கேட்டேன். அடியில் பாறை இருக்கிறது ஐயா, இந்தப் பக்கத்திலேயே அசையாத இடம் அதுதான், அசையாத ஒன்றை வைத்துத்தானே அசைகிறதை அளக்க முடியும் என்றாள். அவருக்கு மனை கிடையவே கிடையாது என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டோம் என்றாள்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மனை கிடையாது என்று தெரிந்தேதான் வேட்டி கட்டிக்கொண்டு போய்த் துடைத்திருக்கிறான்.

நான் விரும்பியது எனக்குக் கிடைத்தது. காலுக்குக் கீழே பூமி போகிறவனுக்குக் கொடுக்கிறது எனக்கு. அசையாத பூமி அவனுக்கு. அந்தச் சீட்டுக் குலுக்கலில் பாறை எனக்கு விழவில்லை என்று கைதட்டினவன் நான்.

ஆடி 30, வியாழன்

புது மனையில் ஓட்டுக் கொட்டகை போட்டுச் சாமான் இறக்கினோம். தம்பி வந்து ஓட்டுக்குச் சட்டம் அடித்தான். இருவரும் ஆணியைப் பற்றி மட்டும் பேசினோம்.

அவனிடமிருந்து டைரியைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். டீக்கடையில் அவன் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறதாம். கனகவல்லி, அவன் சம்சாரம், பட்டம்மாளிடம் சொல்லி அழுதாள். அவனுக்கு என்ன, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன். பட்டம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள். இதைப் பிறகு வந்து எழுதினாள்.

ஆவணி 1, சனி

சரியாகவில்லை. சந்தையில் பார்த்தேன். ராஜகுமாரியின் மாமியார் அவன் கண் எதிரேயே காறித் துப்பினாள். அவன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் போனான். எனக்கு இனிப்பாக இருந்திருக்க வேண்டும். இவ்வளவு வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்டதுதான். கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டு வந்துவிட்டேன். நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

ஆவணி 3, திங்கள்

ஜெபராணி வந்து எங்கள் இருவரையும் தம்பி கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதிகாரி சொல்லி அனுப்பியிருக்கிறார். இனிமேல் தெய்வசிகாமணி பெட்டியைத் தொடக் கூடாது. பெரியவர் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், துடைக்க வேண்டும், ஆடு மாடு அண்டாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். இந்த வருஷத்து டைரியை என் கையில் வைத்தாள். சரியான தேதி, சரியான கிழமை. ஒரு காகிதத்தை விரித்து, பொறுப்பு ஏற்றுக்கொண்டதற்குக் கட்டைவிரல் வைக்கச் சொன்னாள்.

தம்பி வேலி ஓரம் நின்றான். நான் அவன் முகத்தைத்தான் பார்த்தேன். அவன் கொல்லை, அவன் பாறை, அவன் முறம். அதற்கு இனி நான் அதிகாரி. ஒரு வருத்தம், ஒரு எரிச்சல், ஏதாவது ஒன்று அந்த முகத்தில் இருக்கும் என்று தேடினேன். இல்லை. “வையண்ணா” என்றான். சந்தோஷமாகச் சொன்னான்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மையில் அழுத்தின விரலை வேட்டியில் துடைத்தேன்.

“அவன் அதத் தொடலம்மா” என்றேன்.

“அவர்தானே ஐயா சொன்னாரு?”

“பொய் சொன்னான்.”

அப்புறம் நான் சொன்னதைப் பட்டம்மாள் இதில் எழுத வேண்டியதில்லை. பக்கத்திலேயே நின்று கேட்டாள். டீக்கடைக்கு நானே போய், பெஞ்சு நிறைய ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்து, அங்கேயும் சொன்னேன். ராஜகுமாரி வீட்டு வாசலிலும் சொன்னேன். அவள் மாமியார் என்னைக் கேட்டதெல்லாம் நியாயம். முறத்தை மறுபடி தம்பியிடமே விட்டுவிட்டார்கள். அதிகாரி என் மேல் கேஸ் போடுவாரா என்று தெரியவில்லை. போடட்டும்.

பொழுது சாயும் முன் தம்பி புது மனைக்கு வந்தான். நன்றி சொல்ல வந்தான் என்று நினைத்தேன். முகம் சிவந்திருந்தது. உட்காரவில்லை. என்னை ஒரு நாளும் ‘நீ’யைத் தாண்டி ஒரு சொல் சொன்னவன் இல்லை. இன்று விரலை நீட்டினான்.

“ஒன்ன யாருடா சொல்லச் சொன்னது? நான் ஒன்னு செஞ்சா அதயும் நீயே வந்து புடுங்கிக்கணுமா? அப்பா இருந்தப்பயும் இதான். ஏருக்குன்னா கலியபெருமாளு, சந்தைக்குன்னா கலியபெருமாளு. வண்டில அவர் பக்கத்துல நீ குந்திகினு போவ. எனக்கு ஒரு ஸ்லேட்டக் குடுத்து வெளிய தள்ளி உட்டாங்க. அவரு எங்கிட்ட என்னா பேசியிருக்காரு சொல்லு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒனக்காக நான் ஒன்னு பண்ணன்னு இருக்கட்டும்னு பாத்தன். அதுலயும் ஊரே இப்ப ஒன்னத்தான் ‘ஒத்துக்கினாரு பாரு மனுசன்’னுது.”

பட்டம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் வாங்கவில்லை. திரும்பி நடந்தான். வேலியைத் தாண்டும்வரை தோள் இரண்டும் விறைத்தபடியே இருந்தன.

அந்தக் குரல் எனக்குப் பழக்கம். அப்படியே என் தொண்டையில் இருக்கிற குரல். தெய்வசிகாமணிக்கு என் மேல் பொறாமை. இன்றைக்கு நேற்றைக்கு இல்லை, வண்டியில் நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போன நாளிலிருந்து. அந்த வண்டியில் மாட்டுக்குப் புண் வராமல் ஓட்டத் தெரியவில்லை என்று அப்பா என் தலையில் குட்டிக்கொண்டே வருவார். அது அவனுக்குத் தெரியாது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

உள்ளே போய்ச் சோறு போடு என்றேன். கருவாட்டுக் குழம்பு. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.